முதல் மோட்டார் சைக்கிள் புதியதா, பாவித்ததா: திருகோணமலைத் துறைமுகப் பகுதியை முன்வைத்து ஓர் ஆய்வு

முதல் மோட்டார் சைக்கிளைப் புதிதாக எடுப்பதா, பாவித்ததாக எடுப்பதா என்ற கேள்வி திருகோணமலை நகரிலும் அதைச் சுற்றியுள்ள குடாக்கரை ஊர்களிலும் நெடுநாளாகத் தீராமல் கிடக்கிறது. இலங்கையில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்களே. ஆகவே இந்தக் கேள்வி நுழையாத வீடு குறைவு; நுழைந்த பிறகு ஒரு வாரமாவது சண்டையில்லாமல் சோறு பரிமாறப்பட்ட வீடு அதைவிடக் குறைவு. கேள்வியைக் கிளப்புபவர் பெரும்பாலும் பதினெட்டு வயது கடந்த ஒருவர். விடை சொல்பவர்கள் தகப்பன், மாமா, கராஜ் பாஸ், அடகு வைக்க நகை வைத்திருக்கும் தாய் ஆகியோர். ஓட்டப்போகிறவரின் கருத்து, நிறத்தைப் பொறுத்தவரையில் மட்டும் கேட்டுக்கொள்ளப்படும்.

ஆய்வின் முதற்கடமை ‘புதியது’ எது என்று வரையறுப்பது. சட்டத்துக்கு இதில் குழப்பமில்லை. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் இன்னும் பதியாத வண்டி புதியது. ஒருவர் பெயர் ‘புத்தகத்தில்’ ஏறிவிட்டால் அடுத்தவருக்கு அது பாவித்தது. ஊர் வழக்கு இவ்வளவு அவசரப்படுவதில்லை. ஆசனத்தின் மேலுள்ள பொலித்தீன் உறை கிழியும்வரை வண்டி புதியதே என்பது ஒரு மரபு. உறைக்குள் மழைத்தண்ணீர் இறங்கி, ஏறி உட்காரும்போதெல்லாம் சளசளவென்று சத்தம் கேட்டாலும் இந்த மரபினர் அதைக் கழற்ற விடமாட்டார்கள். மச்சான்காரன் முதன்முறை இரவல் வாங்கிக்கொண்டு போய்த் திரும்பும் நாளோடு புதுமை தீர்ந்துபோகிறது என்பது இன்னொரு மரபு. இரண்டிலும் நியாயமுண்டு. ஆயினும் இந்தக் கடற்கரைக்குப் பொருந்தும் அளவுகோல் உப்பு ஒன்றுதான். ஒரு வாடைப் பருவத்தைக் கடந்த வண்டி, ஓடியிருந்தாலும் ஓடாமல் தாழ்வாரத்தில் நின்றிருந்தாலும், திருகோணமலையில் பாவித்த வண்டியே.

இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வடகிழக்கிலிருந்து வீசும் வாடை மழையையும் கடலின் ஈரத்தையும் சேர்த்தே கரைக்குக் கொண்டுவருகிறது. டச்சுக் குடா, பின் குடா, உட்துறைமுகம் என்று நகரம் மூன்று பக்கமும் நீரால் சூழப்பட்டிருப்பதால் காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் உப்புக்கு வழி கிடைத்துவிடும். இரும்பின் மேல் படிந்த உப்பு, மழையில்லாத நாளிலும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஆகையால் துரு வெயிலிலும் வேலை செய்கிறது. அது முதலில் கை வைப்பது கண்ணுக்குத் தெரியும் இடங்களில் அல்ல. சக்கரக் கம்பிகள் வளையத்தில் பூட்டப்படும் சிறு திருகுகள், சைலன்சர் எஞ்சினோடு சேரும் கழுத்து, பெற்றோல் தாங்கியின் அடிவயிறு, பற்றரி முனைகள், செயின் என்று மறைவாகப் பிடித்துக்கொண்டு வரும். பளபளக்கும் தாங்கியைத் தடவிப் பார்த்து வண்டி எடுப்பவர் இவற்றில் ஒன்றையும் காண்பதில்லை. மே மாதத்துக்குப் பின் வரும் கச்சான் காற்று எல்லாவற்றையும் காயவைக்கும். காய்ந்த துருவின் மேல் ஒரு கோட் பெயின்ற் அடிப்பதற்கு உகந்த காலமும் அதுதான். கச்சான் காலத்தில் விலைக்கு வரும் வண்டிகள் வாடைக் காலத்தில் வருபவற்றைவிட அழகாயிருப்பதன் காரணம் இது.

உப்பை அடிப்படையாக வைத்து இலக்கத்தகடு வாசிக்கும் ஒரு கலையும் வளர்ந்தது. தகட்டில் மாகாண எழுத்துகள் இருந்த காலத்தில், ‘என்.சி.’ என்று தொடங்கும் அநுராதபுரத்து வண்டி கடலைக் காணாதது என்பதால் அதற்கு மதிப்பு அதிகம். ‘சி.பி.’ எழுத்துள்ள கண்டி வண்டியிலும் உப்பில்லை. ஆனால் மலை ஏறி ஏறிக் கிளச் தேய்ந்திருக்கும் என்று பாஸ்மார் எச்சரிப்பார்கள். ‘ஈ.பி.’ என்றால் உள்ளூர்ச் சரக்கு, குனிந்து பார்த்துத்தான் விலை பேசுவது. 2023 தொடக்கம் புதிய தகடுகளில் மாகாண எழுத்து கைவிடப்பட்டது. இந்தக் கலை அத்தோடு ஆதாரம் இழந்துவிட்டதே தவிர, அதில் கரைகண்டவர்கள் ஓயவில்லை. தகட்டைப் பார்க்காமல் விற்பவரின் ஊரை விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

வரலாற்றைப் பார்த்தால் இந்தப் பகுதியில் பாவித்ததன் பக்கம் சாயும் மனநிலை எப்படி வந்தது என்பது விளங்கும். ஜப்பானியத் தபால்காரர்களுக்கென்று செய்யப்பட்ட ஹொண்டா எம்.டி. 90 அங்கே கடிதம் சுமந்து ஓய்ந்த பிறகே இலங்கைக்கு வந்தது. வந்த இடத்தில் அதற்குப் புது வண்டிக்குரிய மரியாதை கிடைத்தது. வடகிழக்கில் ஒரு தலைமுறையே அதில்தான் ஓடப் பழகியது. 1990களில் பொருளாதாரத் தடையால் வடக்கில் பெற்றோல் அரிதானபோது, சில துளி பெற்றோலைக் காட்டி எஞ்சினைப் பற்றவைத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பழைய எஞ்சின் எதையும் தாங்கும் என்ற நம்பிக்கை அப்போது வேரூன்றியது. அந்த நம்பிக்கையின் பலனை இன்றைய பழைய எஞ்சின்கள் இலவசமாக அனுபவிக்கின்றன. பின்னர் இந்திய வண்டிகள் வந்தன. 1984 இல் ஹீரோவும் ஹொண்டாவும் கூட்டுச் சேர்ந்து, 2010 இல் பிரிவதாக அறிவித்தன. இரண்டு பெயரும் சேர்ந்து தாங்கியில் இருக்கும் வண்டிதான் ‘பழைய சாமான்’, தனியே ஹீரோ என்றிருப்பது பிந்தியது என்று சொல்லும் மாமன்மார் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. இந்த வாதத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் மருமகன் பிறந்ததே பிரிவுக்கு அண்மையில்தான் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

கிண்ணியாப் பகுதிக்கு இன்னொரு சிறப்பு வரலாறு உண்டு. 396 மீற்றர் நீளப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்படும்வரை, ஊரார் ‘பாதை’ என்று சொல்லும் தட்டைப்படகில் ஏற்றித்தான் வண்டிகள் அக்கரைக்குப் போயின. இப்படி நாளுக்கு இரண்டு தடவை கடல்நீர் தெறித்த வண்டியின் வயதை மீற்றரில் பார்ப்பது வீண். பாலம் வந்தபின் அந்தக் கணக்குக் குறைந்தது. மீன் பெட்டி அப்படிக் குறையவில்லை. பின் ஆசனத்தில் ரெஜிபோம் பெட்டி கட்டி மீன் விற்கப் போன வண்டியில், ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர் பின் மட்காட்டின் வழியே செயினுக்கு இறங்கும். அத்தகைய வண்டியை எத்தனை தடவை சர்வீஸ் பண்ணி, எந்த வாசனைத் திரவியம் பூசி நிறுத்தினாலும், ஆசனத்தைக் கழற்றி முகத்தைக் கிட்டக் கொண்டுபோனால் போதும்; புத்தகத்தில் எழுதப்படாத முன்னைய உரிமையாளரின் தொழில் தெரிந்துவிடும். பூனைகள் காட்டும் அக்கறையும் ஒரு துணைச் சான்று.

விலை பற்றிய பகுதி ஒரு காலத்தில் எளிதாக இருந்தது: புதியது கூட, பாவித்தது குறைய. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியதும் இந்த இயற்கை விதி தலைகீழானது. வாங்கிய விலைக்கு மேல் விற்றும் இலாபம் பார்க்கக்கூடிய பொருளாகப் பழைய வண்டி மாறியது. 2022 மார்ச்சில் ரூபாயின் பெறுமதி சரிந்து, ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களில் 300 ஐத் தாண்டியபோது, ஐந்து வருடம் ஓடித் தேய்ந்த வண்டியைத் தாழ்வாரத்தில் வைத்திருந்தவர்கள் தங்களைத் தூரநோக்குடையவர்களாக அறிந்துகொண்டார்கள். அதே ஆண்டு யூலையில் கியூ.ஆர். முறை வந்து மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல் என்று அளக்கப்பட்டது. சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் 99 நிற்கும் மாவட்டத்தில் அந்த 4 லீற்றருக்கு வரிசை நின்றது. எஞ்சின் ரிங் தேய்ந்து பெற்றோலைக் குடிக்கும் வண்டியை மலிவாக வாங்கியவர்கள் மலிவு என்பதன் பொருளை அந்த வரிசையில் திருத்திக்கொண்டார்கள். 2023 செப்ரெம்பரில் கியூ.ஆர். போய்விட்டது, 2025 இல் இறக்குமதியும் திரும்பத் திறந்தது. ஆனால் பாவித்த வண்டிக்காரர்கள் 2022 இன் விலையை மறக்க இன்னும் உடன்படவில்லை.

பாவித்த வண்டிச் சந்தையைப் பற்றிய கோட்பாடுகளில் பேர்பெற்றது அமெரிக்கப் பொருளியலாளர் ஜோர்ஜ் அக்கர்லொவ் 1970 இல் எழுதியது. வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எல்லாவற்றுக்கும் குறைத்தே விலை சொல்வார். நல்ல வண்டி வைத்திருப்பவர் சந்தையை விட்டு விலகிப்போவார் என்பது அதன் சாரம். இதற்காக அவருக்கு 2001 இல் நோபல் பரிசும் பகிர்ந்தளிக்கப்பட்டது. திருகோணமலையில் இந்தக் கோட்பாடு ஓரிடத்தில் இடறுகிறது. இங்கே வாங்குபவருக்குத் தெரியாவிட்டாலும் ஒழுங்கை முழுவதற்கும் தெரியும். பாலையூற்றில் ஒரு வண்டிக்கு விலை பேசிவிட்டு உவர்மலைக்குத் திரும்புவதற்குள், அது எந்தப் பெருநாளன்று எந்த மதகில் மோதியது, யார் பின்னால் இருந்தார் என்பதெல்லாம் வந்து சேர்ந்துவிடும். ஆனால் தகவல் சொல்பவரின் மைத்துனரும் ஒரு வண்டி விற்க வைத்திருப்பார். எனவே தகவல் இன்மை என்ற பிரச்சினை தகவல் மிகுதி என்ற பிரச்சினையாக மாறுகிறது. அதற்கு இன்னும் யாரும் நோபல் பரிசு பெற்றதாக இல்லை.

விற்பனை விளம்பரங்களில் வண்டி விற்கப்படும் காரணம் எப்போதும் உரிமையாளரின் வெளிநாட்டுப் பயணமே. வண்டி சரியில்லை என்பதற்காக ஒருவரும் விற்பதில்லை. முன்னைய உரிமையாளர்களுள் உயர்ந்த தரம் டீச்சர்மாருக்கு உரியது: ‘டீச்சர் ஸ்கூலுக்கு மட்டும் ஓடினது’ என்றால் ஸ்கூட்டியின் விலை தானாக ஏறும். அவருடைய மகன் மாலை நேரத்தில் எங்கே ஓடினான் என்பது விளம்பரத்தில் வராது.

பரிசோதனைக்கு உரிய நேரம் காலை. பாஸ் போய் இறங்கியதும் சாவியைக் கேட்கமாட்டார். குந்தியிருந்து உள்ளங்கையை எஞ்சினின் மேல் வைப்பார். சூடாயிருந்தால் விற்பவர், ‘இப்பதான் பாணுக்குக் கடைக்குப் போட்டு வந்தனான், அண்ணை’ என்பார். பாஸ் ஒன்றும் பேசாமல் ரீ கேட்டுக் குடித்துக்கொண்டு எஞ்சின் ஆறும்வரை இருப்பார். குளிர்ந்த எஞ்சின் எத்தனையாவது உதையில் பிடிக்கிறது, பிடித்ததும் வரும் புகை நீலமா என்பதில்தான் விலை இருக்கிறது. நீலம் என்றால் ஓயில் எரிகிறது; போர் அடிக்கும் செலவு வாங்குபவர் தலையில். பின் சக்கரப் பல்லிலிருந்து செயினை விரலால் இழுத்துப் பார்ப்பதும், ரயரின் பக்கத்திலுள்ள நான்கு இலக்கத்தில் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் வாசிப்பதும் அதற்குப் பின். மீற்றரைப் பார்ப்பது மரியாதைக்காக. கேபிளைக் கழற்றிவிட்டால் வண்டி ஓடும், மீற்றர் ஓடாது என்பது அங்கே நிற்கும் எல்லோருக்கும் தெரியும்.

எஞ்சினைவிடக் காகிதமே ஆபத்தானது. பெயர் மாற்றாமல், கையெழுத்து வைத்த படிவங்களோடு கைமாறிக்கொண்டே போகும் ‘ஓப்பன் பேப்பர்’ வண்டியில் புத்தகத்திலுள்ளவர் ஒருவர், விற்பவர் இன்னொருவர். சோதனைச்சாவடிக் காலத்தில் இது வெறும் செலவுப் பிரச்சினையாக இருக்கவில்லை. இன்றும் லீசிங் தீராத வண்டியில் முழு உரிமையாளராகக் கம்பனியின் பெயர் நிற்கும். அதைப் பாராமல் காசு கொடுத்தவரின் வீட்டுக்கு ஒருநாள் சீசிங்காரர் வருவார்கள். கழுத்துக் குழாயில் பொறித்த இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை எடுப்பது விற்பவரை அவமதிப்பது என்று கருதும் நாகரிகம்தான் தடை.

புதியதன் பக்கத்தில் சொல்ல அதிகமில்லை. காகிதம் சுத்தம், கம்பனி உத்தரவாதம், பத்திரகாளி கோயில் வாசலில் சந்தனம் பூசி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றும்போது எடுக்கும் படம். மறுபக்கம் மாதத் தவணை. அதோடு, முதல் ஐந்நூறு கிலோமீற்றரும் மெல்ல ஓட்டு என்ற அறிவுரை கையேட்டில் உண்டு. பதினெட்டு வயதில் கையேடு வாசிப்போர் இல்லை. ஓடப் பழகுபவர் ஒருமுறையாவது விழுவார் என்பதே பாவித்ததற்கான வாதங்களில் பலமானது. ஆனால் நிலாவெளிப் பக்கத்தில் புது வண்டியின் முதற்காயம் வீதியில் நேர்வதில்லை: மணலில் சாய்த்து நிறுத்தி, ஸ்டாண்ட் புதைந்து, ஆளில்லாமல் தானே விழுகிறது. ஸ்டாண்டின் கீழ் வைக்க ஒரு தட்டைக் கல்லைப் பெட்டிக்குள் கொண்டுதிரிபவர் அனுபவசாலி.

100 சி.சி.க்கு மேற்பட்டதென்றால் சாரதி அனுமதிப்பத்திரத்தில் வேறு வகுப்பு வேண்டும் என்பதும் தெரிவைக் கட்டுப்படுத்த வேண்டியது. நடைமுறையில் வண்டி வந்தபிறகே இது நினைவுக்கு வருகிறது.

கடைசியாக, இரண்டு வகையிலும் அடங்காத ஒன்று உண்டு. கட்டாருக்குப் போகும் அண்ணன் விட்டுச்செல்லும் வண்டி. இது வாங்கப்படுவதில்லை, ‘பாத்துக்கொள்’ என்று ஒப்படைக்கப்படுகிறது. புத்தகத்தில் பெயர் அண்ணனுடையது. வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைப் பரிசோதனை, ரயர் ஆகிய செலவுகள் தம்பியுடையவை. வெள்ளிக்கிழமைதோறும் வட்சப்பில் வண்டியின் படம் அனுப்ப வேண்டும், இரண்டு பக்கமும் தெரிய. அண்ணன் லீவில் வந்து நிற்கும் மாதத்தில் சாவி அவரிடம் போகும். தம்பி அந்த மாதம் பஸ்ஸில் போவார்.