கட்டதிகாரம்

பள்ளிக்கூடத்தில் ஆங்கில வினைச்சொற்களை மூன்று கட்டம் போட்ட அட்டவணையாக மனப்பாடம் செய்தவர் எவரும் 'கட்' என்ற சொல்லைக் குறை சொல்லத் துணிய மாட்டார். 'கோ, வென்ட், கான்' வகையறா உயிரை எடுக்கும்போது, 'கட், கட், கட்' என்று ஒன்றைப் படித்தால் மூன்று கட்டமும் நிரம்பிவிடும். போதாததற்கு அதுவே பெயர், அதுவே வினை. விரலில் விழுந்த காயமும் கட், காயம் விழக் காரணமான வேலையும் கட். இத்தனை சாதுவான சொல் தமிழ் பேசுவோர் வாய்க்குள் வந்த பிறகு எப்படி நடந்துகொள்கிறது, அதைப் பெயராகவும் வினையாகவும் பிழையறக் கையாள விதி ஏதும் உண்டா என்று ஆராய எந்தப் பல்கலைக்கழகத்தைக் கேட்டாலும் ஆராய்ச்சி நிதியில் கட் என்கிறார்கள். ஆகவே இந்தச் சொந்தச் செலவு ஆய்வு.

வரலாற்றைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் கிடையாது. அங்கே வெட்டுகிற வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது, இன்று 'கார்வ்' என்று வழங்கும் சொல்லின் பாட்டன். 'கட்' எழுத்தில் தலைகாட்டுவது 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். அது எங்கிருந்து வந்தது என்று அகராதிக்காரர்களே அடித்துச் சொல்வதில்லை. ஊர் பேர் தெரியாத ஒரு சொல் கிடைத்தால் நம்மவர்கள் விடுவார்களா? கத்தியிலிருந்துதான் கட் பிறந்தது என்று ஒரு கட்சி. இல்லை, கத்தரிக்கோலிலிருந்து என்று இன்னொரு கட்சி. இந்த ஆய்வு இரண்டிலும் சேரவில்லை. வந்த வழியைவிட, வந்த இடத்தில் அது படுகிற பாடுதான் நமக்கு வேண்டியது.

அதே 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 'கட்' என்று ஒன்று கிளம்பி வரப்போவதை அறியாமலே, பவணந்தி முனிவர் நன்னூலில் அதற்கு ஒரு தடுப்புச் சுவரைக் கட்டிவைத்துவிட்டார். தமிழ்ச் சொல்லின் கடைசியில் நிற்க 11 மெய்களுக்கு மட்டுமே அனுமதி. வல்லினம் ஆறில் ஒன்றுக்குக்கூட இடமில்லை. டகர ஒற்றோடு வந்து நிற்கும் 'கட்' வாசலிலேயே மடக்கப்படுகிறது. இந்த மாதிரிச் சொற்களை நம் வாய் உள்ளே விடும் முறை எல்லோருக்கும் தெரிந்ததே. கடைசியில் ஓர் உகரத்தை ஒட்டிவிடுவோம். லேட் 'லேட்டு' ஆனது, பெல்ட் 'பெல்ட்டு' ஆனது, யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் 'கட்' அந்த உகரத்தை வாங்கிக்கொண்டால் 'கட்டு' ஆகிவிடும். கட்டு என்றால் என்ன? தாலி கட்டு, வீடு கட்டு, மூட்டை கட்டு. அறுக்கப் போன சொல் முடிச்சுப் போட்டுவிட்டு வரும். கரண்ட் பில் கட்டாவிட்டால் கரண்ட் கட் என்ற எளிய வாக்கியத்தில் இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுப்பதைக் காணலாம். கட்டினால் கட் இல்லை; கட்டாவிட்டால் கட்.

வேர்ச்சொல்லே பெயராகவும் நிற்பது நமக்குப் புதிதொன்றும் இல்லை. அடி, உதை, வெட்டு என்று முதனிலைத் தொழிற்பெயருக்குப் பஞ்சமே கிடையாது. 'அடித்தான்' என்றால் வினை, 'செம அடி' என்றால் பெயர். அந்த வரிசையில் 'கட்'டையும் உட்கார வைத்திருக்கலாம். ஆனால் கட்டினான், கட்டுகிறான், கட்டுவான் என்று மூன்று காலத்தையும் 'கட்டு' ஏற்கெனவே பட்டா போட்டுக்கொண்டுவிட்டது. எனவே 'கட்' தமிழில் வெறும் பெயராக நின்றுகொண்டு, வினை வேலைக்கு வேறு ஆளை வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்த ஆளை இந்த ஆய்வு 'வால்' என்று குறிப்பிடும். பண்ணு, ஆகு, அடி, போடு, கொடு, சொல்லு எல்லாம் வால்கள். ஆங்கிலச் சொல் கலந்து தமிழ் கெடுகிறது என்று வருந்துவோரும், ஆங்கிலச் சொல்லைச் சரியாக உச்சரிக்கத் தெரியவில்லையே என்று வருந்துவோரும் இதுவரை தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அர்த்தம் முழுக்க வாலில் இருக்கிறது.

முதலாவது சான்று, தொலைபேசி.

"என்ன மாப்ள, பேசிட்டிருக்கும்போதே கட் பண்ணிட்டீங்க?"

"ஐயோ, நான் எங்க அத்தை கட் பண்ணேன்? தானா கட் ஆயிடுச்சு."

"அதானே பாத்தேன். சரி, அந்த நகை விஷயம் சொல்லிட்டிருந்தேன்ல..."

பண்ணு, ஆகு என்ற இரண்டு வால்களுக்கு நடுவில் ஒரு குடும்பத்தின் அமைதி தொங்கிக்கொண்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். பண்ணினால் அதற்கு ஒரு குற்றவாளி உண்டு. ஆனதற்கு யாருமே பொறுப்பில்லை; பழி டவர் மேல் போய்விடும். 'தானா' என்ற சொல்லை மாப்பிள்ளை தன் கையிலிருந்து சேர்த்ததும் சிந்தனைக்குரியது. 'ஆயிடுச்சு' என்பதிலேயே தானாக என்ற பொருள் அடங்கியிருக்க, மறுபடி சொல்வது கூறியது கூறல் என்னும் குற்றம். இலக்கணக் குற்றம் செய்தாவது மற்றக் குற்றத்திலிருந்து தப்புகிறார். ஆங்கிலத்தில் இந்த வசதி இல்லாமல் இல்லை. ஆனால் அத்தைக்குப் பதில் சொல்லும் வேகத்தில் செயப்பாட்டு வினையைத் தேடி எடுக்க வெள்ளைக்கார மாப்பிள்ளைக்கு நேரம் இருக்குமா என்பது சந்தேகம்.

சம்பளத்திலும் இதே நியாயம்தான். முதலாளி "கட் பண்ணிட்டேன்" என்று சொல்வது அபூர்வம். "இந்த மாசம் ரெண்டு நாள் கட் ஆகியிருக்கும் பாருங்க" என்பார், ஏதோ மழையில் நனைந்தது போல.

அடுத்தது 'அடி'. வகுப்பைக் கட் அடிப்பது தமிழ்நாட்டுக் கல்லூரி மரபு. எதற்காக இங்கே 'அடி' வந்து ஒட்டியது? இதன் உறவுக்காரர்களை வரிசையாக நிற்கவைத்துப் பார்த்தால் ஒரு கொள்கை புலப்படும்: கட் அடி, பிட் அடி, காப்பி அடி, சைட் அடி, தம் அடி, தண்ணி அடி. வீட்டுக்குத் தெரியாமல் செய்கிற காரியங்களுக்கு 'அடி' வால் வரும் என்பது விதி. பெயிண்ட் அடி, ஹாரன் அடி, சிக்சர் அடி முதலியவை பட்டப்பகலில் ஊர் பார்க்க நடப்பவை ஆதலால் புறனடை. பழைய உரையாசிரியர்கள் புறனடையை வைத்தே முழு வீட்டையும் கட்டியவர்கள். அவர்கள் வழியில் நாமும் இதோடு நகர்ந்துவிடலாம். "கிளாஸைக் கட் பண்ணிட்டோம்" என்று சொல்வோரும் இருக்கிறார்கள். விசாரித்தால் பெரும்பாலும் முன் பெஞ்சு ஆட்களாக இருப்பார்கள். என்றோ ஒருநாள் கட் அடித்துவிட்டு அதையும் முறையாகச் செய்துமுடித்த திருப்தியில் பேசுபவர்கள்.

வால் மாறினால் என்ன ஆபத்து நேரும் என்பதற்குக் 'கட்டிங்' தக்க சான்று. ஆங்கிலத்தில் வினையிலிருந்து பெயர் செய்யும் முறைப்படி பிறந்த இந்தச் சொல், தமிழ்நாட்டில் குறைந்தது நான்கு தொழில்களில் வேலை பார்க்கிறது. சலூன்காரர் "கட்டிங்கா, ஷேவிங்கா?" என்று கேட்பார். தையல் நிலையத்தில் துணியை மேசைமேல் விரித்துச் சாக்குக் கட்டியால் கோடு போடுபவர் கட்டிங் மாஸ்டர். மிஷின் மிதிப்பவர்களைவிட அவருக்கு மரியாதை ஒரு படி கூடுதல். அலுவலகங்களில் கோப்பு நகர்வதற்காகக் கொடுப்பதும் கட்டிங். நான்காவது, 180 மில்லி குவார்ட்டரில் பாதியான 90 மில்லி. சலூனில் கட்டிங் பண்ணலாம். டாஸ்மாக்கில் கட்டிங் போடலாம். சலூனுக்குள் நுழைந்து "அண்ணே, ஒரு கட்டிங் போடணும்" என்று சொல்பவரின் தலையில் கத்தரி வைக்கும்முன் எந்த அனுபவசாலியும் அவர் வாயை ஒருமுறை முகர்ந்து பார்ப்பார்.

இந்தச் சொல் அரசாங்கத்தோடும் உரசியிருக்கிறது. தமிழில் பெயர் வைக்கும் படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு என்று 2006இல் தமிழக அரசு அறிவித்தது. பின்னர் புஷ்கர்–காயத்ரி 'குவார்ட்டர் கட்டிங்' என்று ஒரு படம் எடுத்தபோது, தலைப்பில் தமிழ் எங்கே என்ற கேள்வி வந்தது. 2010இல் படம் 'வ' என்ற ஓரெழுத்துத் தலைப்போடு வெளியாயிற்று. தமிழ் எண் முறையில் 'வ' என்பது காலைக் குறிக்கும். குவார்ட்டருக்குச் செந்தமிழ் கிடைத்துவிட்டது. கட்டிங்குக்கு ஆள் தேடவே இல்லை. பண்டைக் கணக்காயர்கள் முந்திரி வரை பின்னம் வைத்திருந்தவர்கள், அரைக்காலையா விட்டிருப்பார்கள்? அதற்கு வரி விலக்கு யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

வினையாகவே மாற மறுக்கும் சுத்தப் பெயர்களும் உண்டு. சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையின்போது எதிர்க்கட்சி கொண்டுவரும் 'கட் மோஷன்', தமிழில் வெட்டுத் தீர்மானம், இந்த வகை. பல ஆயிரம் கோடி ரூபாய்க் கோரிக்கையில் 100 ரூபாயைக் குறை என்று கேட்பது அடையாள வெட்டு. கொள்கையே பிடிக்கவில்லை என்றால் மொத்தத்தையும் 1 ரூபாயாகக் குறை என்று கேட்கலாம். ஆளுங்கட்சிக்குப் பெரும்பான்மை இருக்கும்வரை ஒரு பைசாவும் குறையாது. எதையும் வெட்டாத வெட்டு என்பதால் இதற்கு 'கொண்டுவா' என்ற வாலே போதுமானதாக இருக்கிறது.

'கட் ஆஃப்' இன்னும் விசித்திரம். ஆங்கிலத்தில் அது ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு இடமில்லை. பொறியியல் கலந்தாய்வு அதைக் கோட்டிலிருந்து பிடுங்கி மாணவர் கையில் கொடுத்துவிட்டது. கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200க்கு எவ்வளவோ அதுவே அவரவர் கட் ஆஃப். "என் கட் ஆஃப் 187" என்று பிள்ளை சொல்ல, "எங்க வீட்டுப் பொண்ணுக்கு 193 ஆச்சே" என்று மாமா சொல்வார். கோடு எப்படி ஒருவருக்குச் சொந்தமாகும் என்று எந்த ஆங்கிலேயராவது கேட்டால், ஜூன் மாதத்தில் ஒரு கல்யாண வீட்டுக்கு வந்து பார்க்கச் சொல்லலாம்.

உரிச்சொல்லாகவும் இது நின்றிருக்கிறது. "அவர் எதையும் கட் அண்ட் ரைட்டாப் பேசுவார்" என்று நாம் பாராட்டும் ஆளை ஆங்கிலத்தில் பாராட்ட வழியில்லை. அவர்களிடம் இருப்பது 'கட் அண்ட் டிரைடு', வெட்டிக் காயவைத்தது. நம்முடையது ஈரம் காயாதது.

இனி கடினமான பகுதி. வாலே இல்லாத 'கட்' ஒன்று இருக்கிறது. படப்பிடிப்பில் இயக்குநர் சொல்வது அது. மின்வாரியம் அறிவிக்கும் 'நாளை பவர் கட்' அது. "நாளைலேர்ந்து உனக்கு போன் கட்" என்று அப்பா சொல்வதும் அதுவே. இந்த மூன்றிலும் பண்ணுவது யார், ஆவது எப்படி என்ற பேச்சுக்கே இடமில்லை. பெயரா, வினையா என்று நிற்கவைத்துக் கேட்டால் இரண்டுமாக நிற்கும், ஆங்கிலத்தில் நிற்பது போலவே. வாலைச் சேர்க்க வேண்டிய கட்டாயம் நம்மைப் போன்றவர்களுக்குத்தான். விளக்கம் கேட்க மேலே ஆளில்லாதவர்கள் வெறும் 'கட்'டோடு வாக்கியத்தை முடித்துக்கொள்கிறார்கள். அதிகாரம் கூடக் கூட வால் குறையும் என்பதை ஒரு விதியாகவே வகுக்கலாம். அப்பா விஷயத்தில் மட்டும் விதியின் ஆயுள் இரவுச் சாப்பாடு வரைதான்.

"அப்பா போன் கட்னுட்டார்மா."

"கட்டாவது கிட்டாவது. வந்து சாப்பிடு மொதல்ல, தோசை ஆறுது."

நன்னூல் உள்ளே விடாத சொல்லை அம்மா போகிற போக்கில் உகரம் கொடுத்து உள்ளே இழுத்து, இரட்டைக்கிளவிக்குத் தூரத்து உறவான எதிரொலிச் சொல்லாக்கி, அத்தோடு செல்லாததும் ஆக்கிவிடுகிறார். இதில் 'கிட்' பெயரா, வினையா என்பது தனி ஆய்வுக்கு உரியது. நிதி கிடைத்தால் பார்க்கலாம்.