ஒரே ஸ்பேனரால் வீட்டுக் குழாய்களை எல்லாம் அடக்குவது எப்படி?

குழாய் சொட்டத் தொடங்கிவிட்டது. பிளம்பருக்குப் போன் செய்தீர்கள். "இதோ பக்கத்துத் தெருவுலதான் சார் இருக்கேன்" என்று போன வியாழக்கிழமை சொன்னவர் இன்னும் அந்தத் தெருவைத் தாண்டவில்லை. இனி நீங்களே களத்தில் இறங்க வேண்டியதுதான். அதற்கு எல்லா அளவு நட்டுக்கும் பொருந்தும் ஒரே ஒரு ஸ்பேனர் இருந்தால் போதும் என்று மைத்துனர் சொல்லியிருப்பார். எதை வாங்குவது என்று குழம்பும் குடும்பத் தலைவர்களுக்காக இந்த எளிய வழிகாட்டி. வரிசை மாறாமல் பின்பற்றினால் பலன் நிச்சயம்.

1. நட்டைப் பார்க்காதீர்கள்

கடைக்குப் போகுமுன் சிங்க்கின் அடியில் தலையை நுழைத்து நட்டை அளப்பது கௌரவக் குறைச்சல். வீட்டில் இருப்பது அரை இஞ்ச் பைப் என்பது ஊருக்கே தெரியும். ஹார்டுவேர் கடைக்குப் போய் "அரை இஞ்ச் ஸ்பேனர் ஒண்ணு கொடுங்க" என்று கம்பீரமாகக் கேளுங்கள். கடைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். அரை இஞ்ச் என்பது பழைய இரும்புப் பைப்பின் உள்விட்டத்தை ஒட்டி வந்த பெயர். மரை போட்ட முனையின் வெளிவிட்டம் ஏறக்குறைய 21 மில்லிமீட்டர். அதன்மேல் ஏறும் கனெக்‌ஷன் பைப்பின் நட் இன்னும் சற்றுப் பெரிது. பெரும்பாலும் 24 மில்லிமீட்டரை ஒட்டியிருக்கும். நீங்கள் கேட்ட ஸ்பேனரின் வாயோ 12.7 மில்லிமீட்டர். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். மறுபடி வருவீர்கள் என்று அவருக்குத் தெரியும்.

2. எண்ணிக்கை கூடக் கூடத் தரம் கூடும்

எட்டு அளவு வேலை செய்யும் ஸ்பேனரைவிட நாற்பத்தெட்டு அளவு வேலை செய்வது ஆறு மடங்கு உசத்தி. கணக்கு சரிதானே? இரண்டு முனையிலும் உருளைத் தலைகள் சுழலும் அந்த ஸ்பேனரைக் கையில் எடுத்தாலே ஒரு தைரியம் வரும். அதன் கனமும் பளபளப்பும் அப்படி.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு சிறு விஷயங்கள் தெரியவரும். முதலாவது, அந்தக் கொழுத்த தலை குழாய்க்கும் சுவருக்கும் நடுவில் நுழையாது. இரண்டாவது, அதன் துளைகள் எல்லாம் மூடிய வட்டங்கள். சைக்கிள் போல்ட்டுக்கு அவை அருமை. குழாய் வேலையில் பெரும்பாலான நட்டுகளின் நடுவே பைப் ஓடுகிறது. மூடிய வட்டத்தை அதில் மாட்ட வேண்டுமானால் பைப்பை முதலில் கழற்ற வேண்டும். பைப்பைக் கழற்ற அந்த நட்டைக் கழற்ற வேண்டும். இந்தத் தத்துவச் சிக்கலை யோசித்தபடி ஒரு மாலைப் பொழுதை இனிதே கழிக்கலாம்.

3. வாய் அகலத்தைக் கேட்காதீர்கள்

அடுத்து ஸ்க்ரூ ஸ்பேனர். போல்ட், நட்டுகளுக்குப் பொது அளவு இல்லாத காலத்தில், வேலைக்கு வேலை வேறு ஸ்பேனர் தேட வேண்டியிருந்ததில் சலித்துப்போன ஸ்வீடன்காரர் யோஹான் பெட்டர் யோஹான்சன், இன்றும் நாம் திருகிக்கொண்டிருக்கும் இந்த வடிவத்துக்கு 1890-களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்றார். நூற்றுக்கும் மேற்பட்ட காப்புரிமைகள் வாங்கிய அந்த மனிதர், நீங்கள் 6 இஞ்ச் ஸ்பேனரை வாங்குவீர்கள் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்.

ஆனால் நீங்கள் அதைத்தான் வாங்க வேண்டும். கைக்கு அடக்கம், விலையும் குறைவு, அடுப்படி டிராயரில் கரண்டிகளோடு ஒதுங்கிக்கொள்ளும். 6 இஞ்ச், 8 இஞ்ச் என்பதெல்லாம் ஸ்பேனரின் நீளம். அதன் வாய் எவ்வளவு விரியும் என்பது வேறு கணக்கு. 6 இஞ்ச் ஸ்பேனர் ஏறக்குறைய 20 மில்லிமீட்டரோடு நின்றுவிடும். 8 இஞ்ச் 24-ஐத் தொட்டு மூச்சு வாங்கும். 10 இஞ்ச்தான் 30-ஐ நெருங்கும். வாஷ்பேசின் அடியில் இருக்கும் வேஸ்ட் கப்ளிங் நட்டு இவை எல்லாவற்றையும் பார்த்துச் சிரிக்கும் அளவில் இருக்கிறது.

4. பல் இருந்தால் பலம்

சிறியது தோற்றால் பெரியதை எடுக்க வேண்டியதுதானே? பைப் ரிஞ்ச் வாங்குங்கள். அமெரிக்காவில் டேனியல் ஸ்டில்சன் 1869-இல் காப்புரிமை பெற்ற கருவி அது. முதல் மாதிரியைக் கொண்டுவந்தபோது, பைப் முறியும்வரை அல்லது கருவி உடையும்வரை திருகிப் பார்க்கச் சொன்னார்களாம். பைப்தான் முறிந்தது என்று கதை. அந்தப் பாரம்பரியத்தை நம் வீடுகளில் இன்றளவும் அது காப்பாற்றி வருகிறது.

உருண்டையான ஜி.ஐ. பைப்பைக் கவ்வுவதற்காகவே அதற்குப் பற்கள். புது வீட்டுக்குப் பார்த்துப் பார்த்து வாங்கிய குரோம் குழாயில் அதை வைத்து ஓர் இழுப்பு இழுங்கள். பழைய துணியைச் சுற்றிவிட்டு மெல்லப் பிடிப்பதெல்லாம் தைரியம் இல்லாதவர்கள் செய்வது. பல் தடம் ஆழமாகப் பதிந்தால்தான் வேலை செய்தவர் யார் என்று வருகிறவர்களுக்குத் தெரியும்.

5. ஆடுவதையே தேர்ந்தெடுங்கள்

கடையில் ஸ்க்ரூ ஸ்பேனரின் அசையும் தாடையை ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் உடனே வாங்குங்கள். இறுக்கமானது நட்டின் பக்கங்களைக் கச்சிதமாகப் பிடித்து, ஐந்து நிமிடத்தில் வேலையை முடித்து, ஞாயிற்றுக்கிழமையை வீணாக்கிவிடும். ஆடுவதோ ஒவ்வொரு திருகலிலும் நட்டின் மூலையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, ஆறுமுக நட்டை உருண்டையாக்கிவிடும்.

திசையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. திருகும் பாரம் அசையாத தாடையில் விழுமாறு, அசையும் தாடை இருக்கும் பக்கமாகச் சுற்ற வேண்டும் என்பார்கள் தெரிந்தவர்கள். அப்படிச் செய்தால் ஸ்பேனர் பல வருஷம் உழைக்கும். பிறகு புதிது வாங்க என்ன காரணம் சொல்வீர்கள்?

6. ஒன்று போதும், இரண்டு எதற்கு?

குழாயைத் திருகும்போது அதன் பின்னால் சுவருக்குள் இருக்கும் எல்போவும் சேர்ந்து திரும்பும். பிளாஸ்டிக் பைப் என்றால் அங்கேயே விரிசல் விடும். இதற்காகத்தான் பிளம்பர்கள் பிடிமானம் கிடைக்கும் இடத்திலெல்லாம் ஒரு கையால் பின்பகுதியை அசையாமல் பிடித்து, மறு கையால் திருகுகிறார்கள். நீங்கள் ஒரே ஸ்பேனர்க் கட்சி, கொள்கையை விடாதீர்கள். டைல்ஸ் உடைத்துப் பார்க்கும்போது பிளம்பர் கேட்பார்: "இதுல யார் சார் கைய வெச்சது?" அந்த நேரத்தில் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்ப்பது மரபு.

7. கேட் வால்வை மறந்துவிடுங்கள்

மொட்டை மாடித் தொட்டியின் கேட் வால்வை மூடிவிட்டு வேலை தொடங்கினால் சுவாரசியமே இருக்காது. கையில் நட்டும் முகத்தில் தண்ணீருமாக நிற்கும்போது, "என்னங்க, தண்ணி கூடம் வரைக்கும் வந்துடுச்சு!" என்று குரல் வரும். அப்போது மாடிக்கு ஓடுங்கள். வீடு கட்டிய நாளிலிருந்து யாரும் தொடாத வால்வு என்பதால் அது துருப்பிடித்து இறுகியிருக்கும். அதைத் திருகவும் ஒரு ஸ்பேனர் வேண்டும். அது கீழே தண்ணீரில் கிடக்கிறது.

இவ்வளவையும் படித்த பிறகும் குழாயை ஒழுங்காகச் சரிசெய்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு: 10 இஞ்ச் ஸ்க்ரூ ஸ்பேனர் ஒன்று, வாய் இரண்டு இஞ்சுக்கு மேல் விரியும் வாட்டர் பம்ப் பிளையர் ஒன்று வாங்குங்கள். ஒன்று திருக, மற்றது பிடிக்க. பிளாஸ்டிக் நட்டைக் கையாலேயே இறுக்குங்கள். திருகும் பழைய மாடல் குழாயின் வாய் சொட்டினால் பெரும்பாலும் உள்ளே தேய்ந்திருப்பது ஒரு ரப்பர் வாஷர். அதன் விலை ஒரு டீக்குக்கூட ஆகாது. கடைக்குக் கிளம்புமுன் மாடிக்குப் போய் கேட் வால்வு மூடுகிறதா என்று பாருங்கள். மூடவில்லை என்றால், அந்தத் தெருவில் நிற்கும் பிளம்பருக்கே இன்னொரு போன் போடுங்கள்.