சிறந்த வீரரைத் தெரிவு செய்வது எப்படி?

உப்புக்குளத்தில் சோளகக் காற்று எழும்பிவிட்டது. இறுதியாட்டம் வருகிறது. சிறந்த வீரர் கிண்ணம் யாருக்கு என்று சொல்லும் பொறுப்பு உங்கள் தலையில். பயம் வேண்டாம். வழக்கமாகச் செய்வதையே கொஞ்சம் ஒழுங்காகச் செய்தால் போதும்.

1. கொப்பியில் இரண்டே இரண்டு கோடு போடுங்கள்: கோல், கோலுக்குக் கொடுத்த பந்து. மற்றதெல்லாம் மைச்செலவு.

2. பந்து இருக்கும் இடத்தை மட்டும் பாருங்கள். காற்றை எதிர்த்து ஆடும் பாதியில் நம் கீப்பர் உயர அடித்த பந்து நடுக்கோட்டைத் தாண்டாமல் தொங்கி, நம் பக்கமே விழும். விழப்போகும் இடத்தில் 4ஆம் நம்பர் பொடியன் முதலே நடந்து போய் நிற்பான். ஓடி வந்த எதிரணிக்காரன் அவனைக் கண்டதும் பாதியில் நின்றுவிடுவான். அந்த நேரம் நீங்கள் கச்சான் வாங்குங்கள். ஒன்றும் நடக்கவில்லையே! எழுதவும் ஒன்றுமில்லை.

3. “கோல் மட்டுமா கணக்கு?” என்று யாராவது கேட்டால் உடனே நவீனமாகுங்கள். பறித்த பந்துகளை எண்ணுங்கள். சரியான இடத்தில் நிற்பவனுக்குப் பறிக்கும் வேலையே வராது. பிழையான இடத்திலிருந்து ஓடி வந்து சறுக்கி விழுபவனுக்கு எண்ணிக்கை ஏறும், காற்சட்டையில் மண்ணும் ஏறும். மண்ணுக்குத் தனிப் புள்ளி கொடுங்கள். 2001இல் மன்செஸ்டர் யுனைட்டட் யாப் ஸ்டாமை லாசியோவுக்கு விற்றதற்கு, அவர் பந்து பறிப்பது குறைந்ததும் ஒரு காரணம் என்பார்கள். விற்றது பிழை என்று அணியின் மனேஜர் பெர்குசன் பிறகு ஒத்துக்கொண்டார். அந்தப் பகுதியை வாசிக்க வேண்டாம்.

4. ஓடிய கிலோமீற்றருக்கும் புள்ளி கொடுங்கள். நிற்கும் இடம் தெரியாதவன்தான் கூட ஓடுவான். பாவம், அவனுக்கும் ஏதாவது வேண்டாமா?

5. கருண் சிங் என்பவர் மைதானத்தை 192 பெட்டிகளாகப் பிரித்து, எந்தப் பெட்டியில் பந்து இருந்தால் கோல் விழ எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போட்டார். நல்ல பெட்டிக்குப் பந்தை நகர்த்துபவனுக்கும் கோலில் பங்கு கிடைக்கட்டும் என்றுதான். உங்களுக்கு ஒரு பெட்டி போதும்: கோல் கம்பத்துக்கு முன்னால். அங்கே நிற்பவன் உங்கள் மருமகன் என்றால் கணக்கு இன்னும் சுலபம். (நம் 4ஆம் நம்பர் 192 பெட்டியிலும் அகப்படமாட்டான். ஓடி வந்தவன் நின்றுபோனதற்கு அங்கே ஏது பெட்டி?)

6. 2022இல் மறைந்த டக்சன் பியூஸ்லஸ் மன்னாரிலிருந்து போய் இலங்கை அணியின் பின்களத்தில் நின்றவர் என்று யாராவது பெருமையாகச் சொன்னால், முகத்தைச் சுளித்துக் கேளுங்கள்: “எத்தனை கோல் அடிச்சார்?”

7. இப்போது துணிந்து 4ஆம் நம்பரை வெளியே இருத்துங்கள். றியல் மட்ரிட் 2003இல் இதே மாதிரி இடம் பார்த்து நின்ற மக்கலேலேயைச் செல்சிக்கு விற்றது. அதே கோடையில் பெக்காமை வாங்கியது. அடுத்த லீக் கிண்ணம் றியலுக்கு 2007இல்தான். இடையில் செல்சி இரண்டு எடுத்துவிட்டது. உங்களுக்குப் பெக்காம் வேண்டாம், கட்டாரிலிருந்து லீவில் வந்தவர் போதும். சப்பாத்து புதுசு.

8. நாலு கோல் விழுந்தால் கீப்பரை ஏசுங்கள். பிறகு மத்தியஸ்தரை. அதற்குப் பிறகும் மூச்சிருந்தால் சோளகத்தை.

9. கிண்ணத்தில் பெயர் வெட்ட இன்றைக்கே கொடுத்துவிடுங்கள். ஆட்டம் ஞாயிறுதான், ஆனால் ஞாயிறு கடை பூட்டு.