ஒரு வாரக் காரியஸ்தர்

பிரான்சில் லுவார் ஆற்றங்கரையிலோ தொர்தோஞ் பக்கமோ, ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை மாலை நாலு மணிவாக்கில் போனால் அந்த மனிதரைப் பார்க்காமல் திரும்ப முடியாது. ஷாத்தோ என்கிற பழைய கோட்டை மாளிகை ஒன்றின் வாசலில், சாண் நீளச் சாவியும் கையுமாக, நாலைந்து கார்களிலிருந்து இறங்குகிறவர்களை எண்ணிக்கொண்டு நிற்பார். பதினாறு பேர்: நண்பர்கள், நண்பர்களின் துணைகள், பிள்ளைகள், யாரோ ஒருவரின் மாமியார். கணக்கில் வராத நாய் ஒன்றும் உண்டு. சாவிக்காரர் ஆங்கிலேயராக இருப்பார், டச்சுக்காரராக இருப்பார், பாரிஸ்காரராகவும் இருப்பார். ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. ஜாதகம் ஒன்றுதான். வீட்டைத் தேடிப் பிடித்தவர், முன்பணம் கட்டியவர், பதினாறு பேரையும் ஒரே வாரத்துக்குத் தலையாட்ட வைத்தவர். நிற்கிற தோரணையைப் பார்த்தால் கோட்டைக்குச் சீமான் இவர்தான் என்று தோன்றும். அவருக்கும் அப்படித்தான் நினைப்பு. என் கட்சி வேறு. அவர் வாடகை கொடுத்தது சீமானின் வீட்டுக்கு; கைக்கு வந்தது காரியஸ்தர் உத்தியோகம். இதற்கு அவருடைய அதிகார ஆசையைக் குற்றம் சொல்வதோ, நண்பர்களின் சோம்பலைக் குற்றம் சொல்வதோ பாதி நியாயம்தான். மீதிப் பழி கட்டடத்தைச் சேரும்.

இந்த மாளிகைகளை ஆள் அம்பு வைத்து நடத்துவதற்காகக் கட்டினார்கள். ஷாம்போர் கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாம் பிரான்சுவா 1519-இல் வேலையைத் தொடங்கினார்; சுமார் 440 அறைகள், 282 கணப்படுப்புகள். ராஜா தம் ஆயுளில் அங்கே தங்கியது மொத்தம் சில வாரங்கள்தான். அவர் வரும்போது கட்டில், திரைச்சீலை, பாத்திரம் பண்டம் எல்லாம் வண்டியில் கூடவே வந்தன, போகும்போது கூடவே போயின. அத்தனை அடுப்புக்கும் விறகு சுமப்பது யார், சாம்பல் அள்ளுவது யார் என்று அவர் ஒரு நாளும் கவலைப்பட்டிருக்க மாட்டார். ஷெனோன்சோ கோட்டையில் சமையலறை ஷேர் ஆற்றில் நிற்கும் தூண்களின் அடிப்பாகத்தில் இருக்கிறது. வோ-லெ-விகோம்த் மாளிகையில் தரைக்குக் கீழே. வெங்காய வாசனை மேலே வரக்கூடாது, சூப்பு ஆறினால் அது பரிசாரகன் கவலை. வாடகைக்குக் கிடைக்கிற வீடுகள் இவற்றுக்குத் தம்பி தங்கைகள்தான் என்றாலும் குடும்ப வழக்கம் மாறவில்லை. அடுப்பு ஒரு மூலையில், சாப்பாட்டு மேசை மறு மூலையில், நடுவே கல் பதித்த தாழ்வாரமும் படிக்கட்டும். பதினாறு தட்டுகளை அங்கிருந்து இங்கே யார் கொண்டுவருவது என்ற கேள்வி முதல் இரவே எழும். எல்லோரும் சாவி வைத்திருப்பவரைப் பார்ப்பார்கள்.

படுக்கையறைகளோ சண்டைக்கென்றே திட்டம் போட்டுக் கட்டியவை போலிருக்கும். ஒன்றில் விதானக் கட்டிலும், சிங்கக் கால் வைத்த குளியல் தொட்டியும். இன்னொன்று ஓட்டுக்கு நேர் கீழே, ஒரு காலத்தில் பணிப்பெண்கள் படுத்த அறை. ஆகஸ்டில் அதற்குள் அப்பளம் காயப் போடலாம். மூன்றாவதற்குப் போக இரண்டாவதற்குள் புகுந்துதான் போக வேண்டும். அந்தஸ்துக்குத் தக்கபடி அறை என்று கட்டிய வீட்டில், சம பங்கு பணம் கொடுத்த பதினாறு பேரைக் குடிவைப்பது லேசுப்பட்ட காரியமா? ராஜா இரண்டாம் ஆன்றி ஷெனோன்சோவைத் தம் காதலி தியான் த புவாத்தியேவுக்குக் கொடுத்திருந்தார். 1559-இல் ராஜா கண்ணை மூடியதும் ராணி கத்தரீன், தியானிடமிருந்து அதை வாங்கிக்கொண்டு ஷோமோன் கோட்டையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். ராணிக்கு அந்தச் சௌகரியம் இருந்தது. நம் காரியஸ்தர் சீட்டுக் குலுக்குவார், வயதைப் பார்ப்பார், முதுகு வலிக்காரர்களுக்குச் சலுகை கொடுப்பார். எதைச் செய்தாலும் மாமியாருக்கு மனத்தாங்கல். கடைசியில் பேச்சு வரக்கூடாதென்று அப்பள அறையைத் தானே எடுத்துக்கொள்வார்.

அடுத்து வீட்டு விதிமுறைக் கோப்பு. கூடத்து மேசையில், பிளாஸ்டிக் உறை போட்ட தாள்களோடு இருக்கும். வீட்டுச் சொந்தக்காரரை நொந்து பயனில்லை. பாரம்பரியச் சின்னப் பட்டியலில் சேர்ந்த கட்டடத்தை 1913-ஆம் ஆண்டு முதலே சட்டம் காத்துவருகிறது. அனுமதியில்லாமல் ஜன்னலைக்கூட மாற்ற முடியாது. பலகைக்கல் கூரையைப் பழுது பார்க்கப் பணம் வேண்டும், அதற்குத்தான் வாடகை. ஆகையால் கோப்பில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருப்பார். வீட்டுக்குச் செப்டிக் டேங்க்தான், கழிவறையில் காகிதத்தைத் தவிர வேறெதுவும் போடாதீர். ஓவனும் துணி உலர்த்தியும் ஒரே நேரத்தில் ஓடினால் மின்சாரம் போகும். நீச்சல் குளத்து வேலிக்கதவைத் திறந்து வைக்காதீர். சொந்தக் குளங்களுக்கும் பாதுகாப்பு வேண்டுமென்று 2003-இல் சட்டம் போட்ட நாடு அது. வைஃபை மாடிப்படித் திருப்பத்தில் மட்டும் கிடைக்கும், மூன்றடிச் சுவர் மற்ற இடத்துக்கு விடாது. பதினாறு பேரில் இதைப் படிப்பவர் ஒருவர்தான். படித்த அந்த நிமிஷத்திலிருந்து, இருட்டில் அவருடைய பெயரைத்தான் கூப்பிடுவார்கள்.

வேலையை முறை வைத்துப் பிரித்துக்கொள்ளலாமே என்பார்கள். நல்ல யோசனை, குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிய அட்டவணையும் அழகாகவே இருக்கும். தட்டுக் கழுவுவதைப் பிரிக்கலாம், நினைவில் வைத்திருப்பதை எப்படிப் பிரிப்பது? ஞாயிறு மதியத்துக்கு மேல் கிராமப்புறக் கடைகள் பெரும்பாலும் மூடிவிடும், திங்கட்கிழமை பல ரொட்டிக் கடைகளுக்கு விடுமுறை. சனிக்கிழமை இரவே இதை எண்ணிப் படுப்பவர்தான் காரியஸ்தர், முறை யாருடையதாக இருந்தாலும். 1671-இல் ஷாந்தியீயில் பதினாலாம் லூயிக்கு விருந்து நடந்தபோது, மீன் நேரத்துக்கு வரவில்லையென்று விருந்துப் பொறுப்பாளர் வத்தேல் வாளால் உயிரை விட்டார். மீன் பின்னாலேயே வந்து சேர்ந்தது. திங்கட்கிழமைக் காலை, பூட்டிய ரொட்டிக் கடை வாசலில் நிற்கிற நம் ஆளின் முகத்தைப் பார்த்தால், வத்தேல் அவசரப்பட்டார் என்று சொல்ல வாய் வராது.

சமையலுக்கும் துப்புரவுக்கும் கூலிக்கு ஆள் போட்டுக்கொள்ளலாமே என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். பல வீட்டுக்காரர்களே ஏற்பாடு செய்து தருவார்கள். இந்த இடத்தில் என் வாதம் தோற்கத்தான் வேண்டும். தோற்காமல் காப்பாற்றுவது வாட்ஸப் குழு. ஆளுக்கு நாற்பது யூரோ கூடும் என்று சொன்னதும், "நாமே பார்த்துக்கொள்ளலாம், அதுதானே குஷி!" என்று பதினைந்து பேரும் எழுதுவார்கள். ஹோட்டலுக்குப் போயிருக்கலாம் என்பதும் சரிதான். ஆனால் பதினாறு பேர் ஒரே மேசையில் உட்கார்ந்து நடுராத்திரிவரை சத்தம் போட எந்த ஹோட்டல் விடும்?

எல்லாம் அந்த ஆளின் பெருமை ஆசைதான் என்று உதறுபவர்களும் உண்டு. ஆசை இருக்கட்டும், அது எத்தனை நாழிகை நிலைக்கிறது? 1661 ஆகஸ்ட் 17 அன்று நிதி மந்திரி நிக்கொலா ஃபூக்கே, வோ-லெ-விகோம்த்தில் அதே லூயிக்கு ஊர் மெச்ச விருந்து வைத்தார். செப்டம்பர் 5-ஆம் தேதி கைதானார். 1680-இல் சிறையிலேயே செத்தார். விருந்துதான் காரணம் என்பது மிகை, ராஜா ஏற்கெனவே கறுவிக்கொண்டிருந்தார். ஆனாலும் செலவு செய்து கூட்டம் கூட்டியவரைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள் என்ற வழக்கம் அழியவில்லை. கடைசி நாள் கணக்குத் தாள் விரியும்போது பாருங்கள். "நான் ஒயின் குடிப்பதில்லையே", "நாங்கள் வியாழக்கிழமை வெளியில்தானே சாப்பிட்டோம்", "உடைந்த கண்ணாடிக் கிண்ணத்துக்கு முன்வைப்பிலிருந்து பிடித்தால் அதை எல்லோருமா தாங்குவது?" பிரபுக்களின் சலுகைகளை 1789 ஆகஸ்ட் 4 இரவில் ஒழித்தார்கள். அதற்கு முந்தைய வாரங்களில் குடியானவர்கள் மாளிகைகளுக்குள் புகுந்து தேடித்தேடி எரித்தது பிரபுவுக்குச் செலுத்த வேண்டிய வரிகளை எழுதிய ஏடுகளைத்தான். கணக்கு எழுதியவன் மேல் உள்ள கோபத்துக்கு அந்த நாட்டில் நல்ல வம்சாவளி உண்டு.

ஆகையால் பதினைந்து பேருக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டு வாடகை 6,000 யூரோ என்று வையுங்கள். பதினாறாகப் பிரித்தால் தலைக்கு 375. காரியஸ்தரை விட்டுவிட்டுப் பதினைந்தாகப் பிரித்தால் 400. ஆளுக்கு 25 யூரோ கூடுதலாகக் கொடுத்து அவரைச் சும்மா வரவிடுங்கள். சிங்கக் கால் தொட்டி உள்ள அறையையும் அவருக்கே விடுங்கள். வாரம் முழுக்க ராப்பகலாக உழைக்கும் ஆள் இதைவிட மலிவாகக் கிடைக்க மாட்டார்.