கராஜ் கதவு: ஓர் அகப்புற ஆய்வு

பாயிரம்

நூல் எழுந்த காரணத்தை முதலில் சொல்வது மரபு. இந்நூல் எழுந்த காரணம் என் மனைவி. தை மாதத்து இரவொன்றில், கராஜுக்கு மேலே உள்ள அறையிலிருந்து இறங்கி வந்து, "இஞ்சாருங்கோ, பிள்ளையின்ர அறை நிலம் ஐஸ் மாதிரிக் கிடக்கு. உந்தக் கராஜ் கதவை மாத்துங்கோவன்" என்றார். அடுத்த கிழமை கதவு விற்பவர் ஒருவர் வந்தார். இரண்டு தகட்டுக்கு நடுவே நுரை அடைத்த கதவொன்றின் துண்டைத் தட்டிக் காட்டி, "ஆர் பதினெட்டு" என்றார். பிறகு விலையையும் சொன்னார். அன்றிரவே நான் ஆய்வாளன் ஆனேன்.

நூல் வழங்கும் எல்லை: மேற்கே பிறாம்ப்டன், கிழக்கே ஏஜக்ஸ். கேட்போர்: வீட்டுக்கடன் கட்டுவோர். பயன்: காசு மிஞ்சுதல்.

கராஜின் இலக்கணம்

கராஜ் என்பது கார் நிற்கும் இடம் என்பர் பிறர். அது பொருந்தாது, என்னை? கார் வெளியே ஸ்னோவில் நிற்பதை யாவரும் காண்பர் ஆகலின். உள்ளே இருப்பன: மூத்தவளின் சாமத்திய வீட்டுக்கு வாங்கிய பிளாஸ்டிக் கதிரைகள், ஊரிலிருந்து கப்பலேறி வந்த ஆட்டுக்கல், அரிசி மூட்டை, ஒருவருக்கும் கொடுக்க மனம் வராத தொட்டில். இவற்றுக்கு நடுவே, கதவை ஒட்டி, மீன் பொரிக்கும் காஸ் அடுப்பு. வீட்டுக்குள் பொரித்தால் மணம் வின்ரர் ஜக்கெற்றில் ஏறி மறுநாள் நம்மோடு வேலைக்கு வரும் என்பது இதன் பொருட்காரணம்.

இனி, கராஜ் அகமா, புறமா? ஒன்ராறியோக் கட்டட விதி அதைப் புறமாகவே நடத்துகிறது. வீட்டுக்கும் கராஜுக்கும் இடையே உள்ள சுவர் புகை புகாததாக இருக்கவேண்டும்; இடைக்கதவு தானாக மூடிக்கொள்ள வேண்டும். என் மனைவிக்கோ அது குசினியின் மறுபாதி, ஆகவே அகம். இரண்டிலும் ஒட்டி நிற்பதை இலக்கணிகள் அகப்புறம் என்றார்கள். கைக்கிளையும் பெருந்திணையும் அதில் அடங்கும். சூடேற்றாத கராஜைச் சூடாக வைக்க முயல்வது பொருந்தாக் காமமாகிய பெருந்திணை. கதவு விற்பவர் என்மேல் கொண்டது ஒருதலைக் காமமாகிய கைக்கிளை.

கதவின் வரலாறு

மேலே ஏறும் கராஜ் கதவை 1921இல் உருவாக்கியவர் சி. ஜி. ஜோன்சன் என்ற அமெரிக்கர். அதை மின்சாரத்தால் திறக்கும் கருவியையும் 1926இல் அவரே கொண்டுவந்தார். அதற்கு முன் கராஜ் கதவு மாட்டுக்கொட்டில் கதவு மாதிரி வெளிப்பக்கம் திறந்தது. வாசலில் ஸ்னோ குவிந்தால் திறக்க மறுத்தது. ஆகவே கதவைப் பலகை பலகையாகப் பிரித்து, மடிந்து ஏறச் செய்தார்கள். பலகைதோறும் பொருத்து, பொருத்துதோறும் நீக்கல், நீக்கல்தோறும் காற்று. இது பின்னால் வேண்டப்படும்.

கணக்கதிகாரம்

ஆர் என்பது வெப்பம் கடந்து போவதைத் தடுக்கும் வலிமையின் அளவு. கதவின் பரப்பை வெப்பநிலை வித்தியாசத்தால் பெருக்கி, ஆரால் வகுத்தால் போகும் சூடு வரும். இரண்டு கார்க் கதவின் அகலம் 16 அடி, உயரம் 7 அடி. பரப்பு 112 சதுர அடி. வெளியே சுழியத்துக்குக் கீழே 10 பாகை செல்சியஸ், கராஜுக்குள் சுழியம் என்க. வித்தியாசம் பரனைற்றில் 18 பாகை. வெறுந்தகட்டுக் கதவை ஆர் 1 என்று தாராளமாகக் கொண்டால் மணிக்கு 2,016 பிரிட்டிஷ் வெப்ப அலகு வெளியேறும். அது ஏறத்தாழ 590 வாட். ஆர் 6 ஆனால் 98 வாட். ஆர் 12 ஆனால் 49. ஆர் 18 ஆனால் 33.

பசித்தவனுக்கு முதற் கவளம் அமிர்தம், ஆறாங் கவளம் சோறு, பதினெட்டாங் கவளம் வாயுத்தொல்லை. ஆறிலிருந்து பதினெட்டுக்கு ஏறினால் நமக்கு மிஞ்சுவது 65 வாட், அதாவது ஒரு பழைய மின்குமிழ். வந்தவர் என்னிடம் விற்க முயன்றது அந்தக் குமிழைத்தான்.

இன்னுமொன்று. கதவில் எழுதியிருக்கும் எண் பெரும்பாலும் பலகையின் நடுப்பாகத்துக்கு உரியது. பொருத்தும் ஓரமும் அதில் சேர்த்தியில்லை. கலியாணம் பேசும்போது அனுப்புகிற படம் மாதிரி: பொய்யல்ல, ஆனால் முழு ஆளுமல்ல.

களஆய்வு

ஆய்வுக் கருவிகள் இரண்டு: ஒரு போத்தல் தேங்காயெண்ணெய், ஒரு போத்தல் தண்ணீர். தேங்காயெண்ணெய் 24 பாகையளவிலேயே கட்டிபடுவதால் அது முதல் இரவே கல்லாகி ஆய்விலிருந்து விலகிக்கொண்டது. தண்ணீர்ப் போத்தல் வீட்டுச் சுவரோரம் இருந்தவரை உறையவில்லை. கதவடிக்கு நகர்த்திய இரவே உறைந்தது. ஆகவே குற்றவாளி கதவே என்று எழுத இருந்தேன். எழுதுமுன் ஒரு மதியம் கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, சீமெந்து நிலத்தில் குப்புறப் படுத்துப் பார்த்தேன்.

கதவின் அடியில், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, வெள்ளி அரைஞாண் போல வெளிச்சம். அடியில் இருந்த ரப்பர் ஒடியல் மாதிரிக் காய்ந்து விறைத்திருந்தது. வலது மூலையில் அதை ஏதோ அரித்தும் இருந்தது. அரிசி மூட்டை இருப்பதும் அந்த மூலைதான். நீக்கலுக்குள் என் சுட்டுவிரல் போனது. அந்த வழியே பக்கத்து வீட்டு அண்ணையின் சப்பாத்து இரண்டு தெரிந்தன. "என்ன தம்பி, விழுந்து போனியே?" என்று கேட்டன. "இல்லை அண்ணை, ஆராய்ச்சி" என்றேன். சப்பாத்துகள் கொஞ்சநேரம் அசையாமல் நின்றுவிட்டுப் போயின.

அடுத்து மேலே பார்த்தேன். கராஜ் விளக்கைக் கழற்றி அந்த ஓட்டைக்குள் டோர்ச் அடித்தபோது, பிள்ளையின் அறை நிலத்தோடு ஒட்டியிருக்கவேண்டிய பஞ்சு கீழே தொய்ந்து கிடந்தது. பஞ்சுக்கும் பலகைக்கும் இடையே ஒரு சாண் வெளி. குளிர்காற்று அங்கே குடும்பம் நடத்தியது. பிள்ளையின் கால் குளிர்ந்தது முதலில் இதனால், கதவு இரண்டாவது.

தடைவிடை

அற்றேல், நுரைக் கதவால் பயனே இல்லையோ எனின், உண்டு. நுரை அடைத்த கதவு விறைப்பானது. பந்து பட்டால் இலகுவில் நெளியாது, ஏறி இறங்கும் சத்தமும் குறைவு. இரவு வேலை முடிந்து விடியப்புறம் வரும் தகப்பனுக்கும் மேலே தூங்கும் குழந்தைக்கும் அது பெரிய உபகாரம். ஆனால் அவர் காரைக் கராஜுக்குள் விடுபவராக இருக்கவேண்டும்.

நுரைப் பலகை வாங்கி நாமே ஒட்டலாமே என்று மச்சான் சொன்னாரே எனின், ஒட்டலாம். கதவின் பாரம் கூடும்; பாரத்தைத் தாங்குவது மேலே முறுக்கி வைத்திருக்கும் ஸ்பிறிங். மோட்டரை விடுவித்துக் கதவைப் பாதி உயரத்துக்குத் தூக்கிக் கைவிட்டால் அது அங்கேயே நிற்கவேண்டும். கீழே இறங்கினால் ஸ்பிறிங் போதாது. அதை மாற்றுவது பயின்றவர் தொழில். முறுக்கு அவிழ்ந்தால் கையை முறிக்கும்.

இவையெல்லாம் நிற்க. சனிக்கிழமை தோறும் என் மனைவி அந்தக் கதவைத் தலைக்கு மேலே ஏற்றிவிட்டு ஒன்றரை மணித்தியாலம் விளைமீன் பொரிக்கிறார். திறந்த கதவுக்கு ஆர் ஒன்றும் இல்லை, பதினெட்டும் இல்லை.

துணிபு

பழைய கதவு பழுதாகி எப்படியும் மாற்றத்தான் வேண்டுமென்றால், கராஜுக்குள் ஹீற்றர் வைத்து வேலை செய்பவரென்றால், காரை உள்ளே விடுபவரென்றால், நுரைக் கதவு வாங்குக. ஆர் எண்ணின் உச்சிக்கு ஏறவேண்டாம். மற்றவர்கள் முதலில் அடி ரப்பரை மாற்றுக, பக்கத்து ரப்பரைப் பார்க்க, இடைக்கதவு இறுக மூடுகிறதா என்று பார்க்க, அறைக்குக் கீழே உள்ள பஞ்சைச் சரிசெய்க. நான் இந்த வரிசையில் செய்தேன். தண்ணீர்ப் போத்தல் இப்போது கதவடியிலும் பெரும்பாலான இரவுகளில் உறைவதில்லை.

கதவு எதுவானாலும் ஒரு வேண்டுகோள். அடுப்பு எரியும்போது அது திறந்தே இருக்கட்டும். குளிர் என்று இறக்கிவிடாதீர்கள். மீனுக்கு மணம் உண்டு, காபனோரொட்சைட்டுக்கு இல்லை.