முகமும் தெரியணும், மண்டபமும் தெரியணும்!

கே: கல்யாண ஆல்பத்தில் மணமக்கள் பளிச்சென்று இருக்கிறார்கள். பின்னால் ஒரே கும்மிருட்டு. கடன் வாங்கி அலங்காரம் செய்த மண்டபம் எங்கே போனது?
– பெண்ணின் அப்பா, கும்பகோணம்

ப: மண்டபம் அங்கேயேதான் இருந்தது ஐயா. ஷட்டர்தான் அதற்காகக் காத்திருக்கவில்லை.

ஃபிளாஷ் போட்டு எடுக்கும் எந்தப் படத்திலும் இரண்டு எக்ஸ்போஷர் ஒன்றின் மேல் ஒன்றாக விழுகின்றன. ஒன்று ஃபிளாஷுடையது, மற்றது அந்த இடத்தில் ஏற்கெனவே இருக்கிற வெளிச்சத்துடையது. கேமரா மேல் பொருத்தும் சாதாரண ஃபிளாஷ், கால் பங்கு சக்தியில் மின்னினால் 1/1000 நொடிக்குள் அணைந்துவிடும். அதனால் ஷட்டர் 1/200 நொடி திறந்திருந்தாலும் 1/30 நொடி திறந்திருந்தாலும் மணமக்கள் முகத்தில் விழும் ஃபிளாஷ் ஒன்றுதான். மண்டபத்துச் சீரியல் விளக்குக்கு அப்படி இல்லை. 1/30-ல் அதற்குக் கிடைக்கும் நேரம் 1/200-ஐவிட ஏறக்குறைய ஏழு மடங்கு. உங்கள் போட்டோகிராபர் 1/200-லேயே நின்றுவிட்டார் என்று நினைக்கிறேன்.

ஃபிளாஷைக் கூட்டினால் மண்டபம் தெரியாதா என்று கேட்பீர்கள். இரண்டு மீட்டரில் பெண் நிற்கிறாள் என்றால், நான்கு மீட்டரில் இருக்கும் வாழைமரத்துக்கு அந்த ஒளியில் கால் பங்குதான் போய்ச் சேரும். எட்டு மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. அவ்வளவு தூரத்துக்கு ஃபிளாஷை நம்பினால் பெண்ணின் முகம் வெந்துபோகும்.

கே: கைராசியான எண் ஏதாவது சொல்லுங்கள். அதை வைத்துப் பிழைத்துக்கொள்கிறேன்.
– புதிதாகக் கேமரா வாங்கியவர், திண்டுக்கல்

ப: ஐ.எஸ்.ஓ. 800, எஃப் 4, ஷட்டர் 1/60. இந்த ராசி மண்டபத்துக்கு மண்டபம் மாறும், தொடங்க இது போதும். முதலில் ஃபிளாஷை அணைத்துவிட்டு ஒரு படம் எடுங்கள். சரியான அளவைவிட மண்டபம் ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சம், குறைவாக வரட்டும். பிறகு ஃபிளாஷைப் போட்டு முகத்தைப் பாருங்கள். மண்டபம் போதவில்லையென்றால் 1/30-க்கு இறங்குங்கள், முகம் மாறாது. முகம் போதவில்லையென்றால் ஷட்டரைத் தொடாதீர்கள், ஃபிளாஷின் சக்தியைக் கூட்டுங்கள். அப்பர்ச்சரும் ஐ.எஸ்.ஓ.வும் இரண்டு வெளிச்சத்தையும் சேர்த்தே மாற்றும் என்பதால் அவற்றை ஒருமுறை வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுவது நல்லது.

ஏன் ஒரு ஸ்டாப் குறைவு? அட்சதை போடும்போது கைகள் ஓயாமல் அசையும். சுற்று வெளிச்சம் முழு அளவில் இருந்தால் ஒவ்வொரு கைக்கும் ஒரு பேய்க்கை கூடவே வரும். அதைக் குறைத்து வைத்தால் ஃபிளாஷ்தான் மேலோங்கும், அரிசி மணிகள் அந்தரத்தில் அப்படியே நிற்கும். சிந்திய பால்துளி கிரீடமாக எழும்பி நிற்கும் புகழ்பெற்ற வண்ணப்படத்தை ஹெரால்டு எட்ஜர்ட்டன் 1957-ல் எடுத்ததும் மின்ஃபிளாஷ் கண நேரத்தில் அணைந்துவிடும் குணத்தை நம்பித்தான்.

கே: தாலி கட்டும் படத்தில் குத்துவிளக்கு அணைந்தது மாதிரி இருக்கிறது. அபசகுனமா, கண்ணு?
– பேத்தியின் ஆல்பத்தைப் பார்த்த பாட்டி, திருநெல்வேலி

ப: சகுனத்தில் ஒரு குறையும் இல்லை பாட்டி, நிறத்தில்தான் குறை. சுடர் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. அது முகத்தில் பூசியிருந்த மஞ்சளை ஃபிளாஷ் துடைத்துவிட்டது. ஃபிளாஷின் ஒளி 5500 கெல்வின் பக்கம், பகல் வெயிலின் வெள்ளை. எண்ணெய் விளக்கின் சுடர் 2000-க்கும் கீழே. மண்டபத்து மஞ்சள் பல்புகள் 3000-ஐ ஒட்டி. இத்தனையும் ஒரே படத்தில் சண்டை போட்டால் சத்தமாக இருப்பதுதான் ஜெயிக்கும்.

இதற்கு ஃபிளாஷின் முகப்பில் ஆரஞ்சு ஜெல் தாள் ஒன்றை ஒட்டி, கேமராவின் ஒயிட் பேலன்ஸை டங்ஸ்டனில் வைக்க வேண்டும். ஃபிளாஷும் பல்பும் ஒரே நிறமாகிவிடும், சுடர் இன்னும் கொஞ்சம் சிவந்து தனியாக நிற்கும். ஆனால் ஒரு எச்சரிக்கை. விடியற்காலை முகூர்த்தம் என்றால், தாலி கட்டி முடிவதற்குள் ஜன்னல் வெளுக்கத் தொடங்கும். டங்ஸ்டனில் வைத்த கேமராவுக்கு அந்த ஜன்னல் அடர்நீலமாகத் தெரியும். அந்த நீலம் எனக்கு மிகவும் பிடிக்கும், மஞ்சளுக்குப் பக்கத்தில் அது அழகு. வெயில் உள்ளேயே வந்துவிட்டால் மட்டும் ஜெல்லைக் கழற்றி, ஒயிட் பேலன்ஸையும் பகல் வெளிச்சத்துக்கு மாற்றிவிடுங்கள்.

தாலி கட்டும் நேரத்தில் ஹோமப் புகையும் வம்பு பண்ணும். கேமரா மேலிருந்து நேராக அடிக்கிற ஃபிளாஷ் முன்னால் இருக்கும் புகையில் பட்டுத் திரும்பி, படம் முழுக்க வெள்ளைத் திரை போடும். ஃபிளாஷைக் கையில் எடுத்துப் பக்கவாட்டுக்கோ, புகைக்குப் பின்னாலோ கொண்டுபோனால் அதே புகை ஒளிக்கீற்றாக மாறும்.

கே: உச்சி வெயிலில் 1/1000 வைத்து ஃபிளாஷ் அடித்தேன். மாப்பிள்ளைக்குக் கால் இல்லை!
– பதறியவர், கோவை

ப: கால் பத்திரமாக இருக்கிறது. ஷட்டரில் இரண்டு திரைகள். ஒன்று திறந்துகொண்டே போகும், மற்றது பின்னாலேயே மூடிக்கொண்டே வரும். பெரும்பாலான கேமராக்களில் 1/200 அல்லது 1/250 வரைதான் சென்சார் முழுவதும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். அதற்கு மேலே போனால் ஒரு பிளவுதான் நகர்கிறது. ஃபிளாஷ் மின்னும்போது மூடியிருக்கும் பகுதி, ஃபிளாஷ் ஒளி கிடைக்காமல் இருண்டுவிடும். கேமராவுக்கு ஏற்ற ஃபிளாஷ் என்றால் கேமராவே அந்த எல்லையில் தடுத்துவிடும். நீங்கள் சாதாரண ட்ரிக்கர் வழியாக அடித்திருப்பீர்கள்.

உச்சி வெயிலுக்கு ஐ.எஸ்.ஓ. 100, 1/200, எஃப் 11. கைடு நம்பர் (ஃபிளாஷின் வீச்சைச் சொல்லும் எண்) 40 உள்ள ஃபிளாஷ் முழுச் சக்தியில் எஃப் 11-க்குச் சுமார் மூன்றரை மீட்டர்வரை முழு வெளிச்சம் தரும். கண்குழி நிழலை மட்டும் போக்க ஒரு ஸ்டாப் குறைவே போதும், அதற்கு ஐந்து மீட்டர்வரை தாங்கும். ஹைஸ்பீடு சிங்க் இருந்தால் 1/1000-ம் வைக்கலாம். ஃபிளாஷ் விட்டுவிட்டு மின்னும், சக்தியில் பெரும்பகுதி வீணாகும், தூரம் சுருங்கும். முதலில் மரநிழலைத் தேடுங்கள்.

கே: வெள்ளை வேட்டி சட்டையில் பங்காளிகள் பதினைந்து பேர். அத்தனை முகமும் இருட்டு. ஏன்?
– பதினாறாவது பங்காளி, காரைக்குடி

ப: டி.டி.எல். முறையில் ஃபிளாஷ் முதலில் மெல்லச் சோதனைக்கு ஒருமுறை மின்னி, திரும்பி வரும் ஒளியை அளக்கும். உங்கள் பதினைந்து வேட்டியிலும் பட்டு ஏராளமாகத் திரும்பியது. ‘போதும்’ என்று கேமரா ஃபிளாஷைக் குறைத்துவிட்டது. ஃபிளாஷ் காம்பன்சேஷனில் ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். மாலையில் எல்லோரும் கறுப்புக் கோட்டில் வந்தால் அதே அளவு குறையுங்கள்.

கே: செல்போன் ஃபிளாஷ்?
– மாணவி, மதுரை

ப: அணைத்து வையுங்கள். தோழியின் செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடிக்கச் சொல்லுங்கள். எவ்வளவோ மேல்.

கே: பெண் கொஞ்சம் கறுப்பு. ஃபிளாஷைக் கூட்டி வெளுப்பாகக் காட்ட முடியுமா?
– மாப்பிள்ளையின் அக்கா, சேலம்

ப: முடியும் அக்கா. தயவுசெய்து யாரையும் அப்படிச் செய்யச் சொல்லாதீர்கள். ஃபிளாஷைக் கூட்டினால் நிறம் மட்டும் போகாது. கன்னத்தின் வளைவும் மூக்குத்தியின் விளிம்பும் பட்டுச்சரிகையின் வேலைப்பாடும் சேர்ந்தே வெந்துபோகும். கறுத்த சருமம் தன் அழகைப் பளபளப்பில் காட்டும். கன்னமேட்டில், நெற்றியில், கழுத்தெலும்பில் நீளமாக ஒரு மினுக்கம் ஓடும். எதிரே நேராக அடிக்கிற ஃபிளாஷ் அதைக் கொன்றுவிடும். பக்கத்து வெள்ளைச் சுவரில் ஃபிளாஷைத் திருப்பி அடித்து, சுற்று வெளிச்சத்தை அரை ஸ்டாப் மட்டும் குறைத்து வைக்கச் சொல்லுங்கள். சுவர் பச்சையாக இருந்தால் வேண்டாம், முகமும் பச்சையாகிவிடும். உங்கள் வீட்டுக்கு வரும் பெண் எந்த நிறத்தில் வருகிறாளோ அந்த நிறத்திலேயே ஆல்பத்தில் இருக்கட்டும்.

கே: இதற்கெல்லாம் என்ன வாங்க வேண்டும்?
– பர்ஸைத் தடவிப் பார்ப்பவர், விழுப்புரம்

ப: ஃபிளாஷ் ஏற்கெனவே இருந்தால் ஆரஞ்சு ஜெல் ஒன்று, அதை ஒட்ட டேப். இரண்டாவது ஃபிளாஷுக்கு இப்போது அவசரம் இல்லை. அடுத்த கல்யாணத்துக்கு அரை மணி நேரம் முன்னதாகப் போய், ஃபிளாஷை அணைத்து வைத்து, காலி மேடையை 1/125, 1/60, 1/30, 1/15 என்று எடுத்துப் பாருங்கள். எந்தப் படத்தில் மண்டபம் பிடித்திருக்கிறதோ அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, பிறகு பெண்ணை அழையுங்கள்.