எடுக்கும்போது பூனை, கொடுக்கும்போது குரங்கு

சரணாகதியில் பூனை வழி உசத்தியா, குரங்கு வழி உசத்தியா என்று பல நூற்றாண்டுகள் வாதாடிய ஊர் ஸ்ரீரங்கம். தாய்ப்பூனை குட்டியைத் தானே கவ்விக்கொண்டு போகும், குட்டி ஒன்றும் செய்ய வேண்டாம் என்பது தென்கலையாரின் மார்ஜார நியாயம். குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானாக இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பது வடகலையாரின் மர்க்கட நியாயம். பிள்ளை லோகாசாரியரும் வேதாந்த தேசிகரும் வாழ்ந்த அந்த ஊரிலிருந்து காவிரியைத் தாண்டி, கரூர் சாலையில் ஜீயபுரம் வரைக்கும் போனால், இரண்டு நியாயத்தையும் ஒரே ஆள் அனுஷ்டிப்பதைப் பார்க்கலாம். தெருவில் கிடக்கும் பூனைக்குட்டிகளை எடுத்து வளர்த்து, நல்ல வீடு பார்த்து ஒப்படைக்கும் தன்னார்வலர்தான் அவர். ஸ்ரீரங்கத்தில் பூனை மாமி, ஜீயபுரத்தில் பூனைக்காரம்மா. ஆண்களும் உண்டு, அவர்களுக்குப் பட்டம் இன்னும் வரவில்லை.

எடுக்கும்போது அவர் சுத்தமான மார்ஜார நியாயம். வாழைத்தோப்பிலோ, கார் பானெட்டுக்குள்ளோ, ஸ்டேஷன் வாசலில் ஓர் அட்டைப்பெட்டியிலோ குட்டி கத்த வேண்டியதுதான்; தகுதி, நிறம், சிபாரிசு எதுவும் விசாரிப்பதில்லை. கண் திறக்கவே ஒரு வாரம், பத்து நாள் ஆகிற அதற்கு, இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாகப் பால் கொடுக்க வேண்டும். பசும்பால் கூடாது, பேதியாகும். பூனைக்குட்டிக்கென்றே விற்கிற பால் பவுடர் வேண்டும். குடித்தானதும் ஈரப்பஞ்சால் அடிப்பக்கத்தைத் தடவிவிட்டால்தான் அது ஒன்றுக்கே போகும். தாய் நாக்கால் செய்கிற வேலை அது. பெற்ற பிள்ளைக்கு டயப்பர் மாற்றாத ஆண்கள்கூட ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து இதைச் செய்கிறார்கள். பெண்டாட்டிமார் கவனித்து வைத்துக்கொள்கிறார்கள். கறி சமைக்காத வீடு என்றால் இன்னொரு தர்மசங்கடம். பூனை மாமிசம் தின்றே ஆக வேண்டிய பிராணி. மீனிலும் இறைச்சியிலும் உள்ள டாரின் கிடைக்காவிட்டால் அதற்குக் கண்ணும் இதயமும் கெடும். தயிர்சாதத்தில் டாரின் கிடையாது. ஆகவே மீன் படம் போட்ட பாக்கெட் ஒன்று மாடிப்படிக்கு அடியில் 'பிஸ்கட்' என்ற கௌரவத்தோடு குடியிருக்கிறது.

கொடுக்கிற நாள் வந்ததும் இவர் கலை மாறிவிடுகிறார். இரண்டு மாதம் ஆயிற்று, தடுப்பூசி போட்டாயிற்று, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படமும் வந்தாயிற்று. இப்போது 'எனக்கு வேணும்' என்று கேட்பவர் குரங்குக்குட்டியாகத் தொங்க வேண்டும். வாடகை வீடா, ஓனருக்குத் தெரியுமா? பால்கனிக்கு வலை உண்டா? மாமியாருக்குச் சம்மதமா, அவரோடு ஒரு வார்த்தை பேசலாமா? ஆதார் நகல் வேண்டும், கருத்தடை செய்வதாகக் கையெழுத்து வேண்டும், வாரா வாரம் போட்டோ வேண்டும். பெண் கொடுக்கிற வீட்டில் இவ்வளவு கேட்டால் தரகர் எழுந்து போய்விடுவார். பேரன் ரங்கனின் உருவில் அரங்கனே வந்து நின்றபோது, எந்த விசாரணையும் இல்லாமல் பழையசோறும் மாவடுவும் போட்ட கிழவியின் ஊராயிற்றே ஜீயபுரம், பங்குனியில் ஸ்ரீரங்கத்து உற்சவர் நம்பெருமாள் இன்றும் அதற்காகத்தானே அங்கே எழுந்தருளுகிறார் என்று கேட்கலாம். கிழவி சோறுதான் போட்டாள், பேரனைத் தத்துக் கொடுக்கவில்லை என்று பூனைக்காரம்மா சொல்வார்.

குட்டிகள் இப்படிக் குவியும்போது கேட்டவருக்குக் கொடுத்துத் தொலைத்தால் என்ன? கேள்வி நியாயம்தான், கணக்கு வேறு மாதிரி வருகிறது. பெட்டை நாலைந்து மாதத்திலேயே சினைப்படலாம். ஒன்பது வாரத்தில் ஈன்றுவிடும். விசாரிக்காமல் கொடுத்த குட்டி வருஷம் திரும்புவதற்குள் தன் குட்டிகளோடு அட்டைப்பெட்டியில் அவர் வாசலுக்கே வந்து சேரும். அதுவும் இல்லையென்றால் சாக்கில் கட்டி அக்கரையில் விட்டுவிடுவார்கள். பட்டினி கிடக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்றால், 'பூனைக்குமா?' என்று உண்மையான ஆச்சரியத்தோடு கேட்பார்கள். வயலும் தோப்பும் உள்ள ஊரில் எலிக்குப் பஞ்சமில்லை, பூனை தானே பிழைத்துக்கொள்ளாதா என்பது அடுத்த வாதம். எலி பிடிக்க ஊர் கேட்பது கடுவனைத்தான். மூன்று நிறக் குட்டியைப் பார்த்து மயங்கி, 'கடுவனா இருந்தா குடுங்க' என்று நிற்பவரிடம், மூன்று நிறமும் சேர்ந்திருந்தால் அது கிட்டத்தட்ட எப்போதும் பெட்டைதான் என்று பாடம் நடத்த வேண்டியிருக்கிறது. சர்க்கார் பார்த்துக்கொள்ளட்டுமே என்றால், யானைக்கு எம்.ஆர். பாளையத்தில் மறுவாழ்வு மையம் இருக்கிறது. 2001-இல் வந்த கருத்தடை விதிகளின் பெயரிலேயே நாய் இருந்தது. பூனைக்கு அதில் இடம் இருக்கவில்லை. 1959-இல் கேப்டன் சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் இருப்பது சென்னையில், முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால்.

அவருக்குக் கொடுக்கவே மனமில்லை, கேள்வியெல்லாம் சாக்கு என்று வீட்டுக்காரர் முணுமுணுப்பதில் மட்டும் உண்மை இருக்கிறது. ஒற்றைக் கண்ணன் ஒருவன், 'நல்ல இடம் அமையட்டும்' என்று மூன்றாவது வருஷமாக ஃப்ரிட்ஜ் மேல் படுத்திருப்பான்; கேட்டால் அவன் தற்காலிகம்தான் என்பார். இந்த வகைக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். தங்கிவிட்ட ஒவ்வொன்றும் அடுத்த பெட்டியை வைக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கேள்வி கேட்கலாம், எத்தனை வேண்டுமானாலும் கேட்கலாம். பதில் சரியாக இருந்தால் கொடுத்துவிட வேண்டும்.

ஜீயபுரம், அல்லூர், திருப்பராய்த்துறைப் பக்கம் குட்டி வேண்டும் என்பவர்கள், பால்கனிக்கு வலையை முதலிலேயே அடித்துவிடுங்கள். மாமியாரிடமும் சொல்லி வையுங்கள். கடுவன் கேட்டுப் போகாதீர்கள். அதெல்லாம் போய்விட்டது, பெட்டைதான் இருக்கிறது.